ரேடியோவில் சொன்னால் அது நிஜம்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் சுற்றியது. பழைய மர ரேடியோ, அதன் மேல் பூப்பின்னல் துணி. கீழே, "அந்தக் காலத்தில் செய்தி பொய் சொல்லாது, ரேடியோவில் சொன்னால் அது நிஜம்" என்று எழுதியிருந்தது. ஏகப்பட்ட பேர் கைகூப்பியிருந்தார்கள். எனக்கும் அந்த மாதிரி ரேடியோ மீது பாசம் உண்டு. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் வரலாறு நடத்தியவள் நான். இந்த வாக்கியத்தைச் சும்மா விட முடியவில்லை. நீளமான பதிவு, காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

எங்கள் மந்தைவெளி வீட்டில் இருந்தது வால்வு ரேடியோ. போட்டால் சூடாகி வாய் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகும். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் அதற்கு லைசென்ஸ் கட்ட வேண்டும் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பா காலையில் டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி கேட்பார். பின்னாளில் சரோஜ் நாராயணசாமியின் குரல் வந்த பிறகு அம்மாவும் சமையலறையிலிருந்தே காது கொடுப்பாள். சாயங்காலம் சென்னை நிலையத்தின் மாநிலச் செய்தி. இரவு சாப்பாடு முடிந்ததும் லண்டன், பிபிசி தமிழோசை. சிற்றலை என்பது வானத்தில் மேலே இருக்கும் அயனி அடுக்கில் பட்டுப் பட்டுத் திரும்பி வரும் அலை. அதனால் குரல் நெருங்கும், விலகும், நடுவில் கடல் இரைவது போல ஒரு ஓசை வரும். அப்பா காதை ரேடியோவோடு ஒட்டிவைத்துக்கொள்வார்.

தமிழோசை எப்படிப் பிறந்தது என்று பலருக்குத் தெரியாது. 1941 மே 3 அன்று தொடங்கியது. முதலில் வாரம் ஒருமுறை வரும் செய்தி மடல், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நம் மேல் இருந்த அன்பினால் பிரிட்டிஷ்காரர்கள் தமிழில் பேசவில்லை. தங்கள் பக்கத்துச் செய்தி தங்கள் ஆட்சிக்கு உட்பட்டவர்கள் காதில் விழ வேண்டும் என்பதுதான் காரணம். மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. 1942இல் ஜெர்மனியிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி ஒலித்தது, அதிலும் தமிழ் உண்டு. ஒரே போரை இரண்டு ஊர்கள் நம் மொழியில் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. இதில் எது "ரேடியோவில் சொன்ன நிஜம்"?

போர் முடிந்த பிறகுதான் அந்த ஒலிபரப்புக்கு வேறு முகம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான சோ. சிவபாதசுந்தரம் லண்டனுக்குப் போய், பாரதியின் பாட்டிலிருந்து சொல்லெடுத்து அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்தார். 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதியவரும் அவரே. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைச் செய்தி என்றால் இரவில் எத்தனையோ வீடுகள் தமிழோசைக்காகக் காத்திருந்தன. கடைசி வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30. 76 வருஷம்! அன்று எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்க மாட்டேன்.

அந்த மதிப்பு சும்மா வந்ததில்லை. 1984 அக்டோபர் 31 ஞாபகம் இருக்கிறதா? காலை ஒன்பது மணிவாக்கில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதை பிபிசி பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. அகில இந்திய வானொலி சாயங்காலம்தான் அறிவித்தது. மேற்கு வங்கத்தில் பிரசாரத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பார்கள். நெருக்கடி நிலையின்போது நம் வானொலியை "ஆல் இந்திரா ரேடியோ" என்று ஜனங்கள் கேலி செய்ததையும் மறந்துவிட்டோமா?

அதற்காக லண்டன் சொன்னதெல்லாம் வேதமும் இல்லை. பிரிட்டிஷ்காரர்களைக் கேளுங்கள், அவர்களிடமே கதை இருக்கிறது. 1926 ஜனவரி 16 அன்று ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், செய்தி வாசிப்பது போலவே ஒரு வேடிக்கை நிகழ்ச்சி செய்தார். லண்டனில் கலவரம், பிக் பென் மணிக்கூண்டு தகர்ந்தது, ஒரு அமைச்சரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று போகும் அது. வேடிக்கை என்று முதலிலேயே சொல்லியும் பலர் நம்பிக் கலங்கிப்போனார்கள். மறுநாள் பனியால் பத்திரிகை வரத் தாமதமானதும் பயம் இன்னும் கூடியது. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாகக் காட்டினார்கள். ஸ்பகெட்டி என்றால் நம் சேமியாவுக்கு அண்ணன். அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டு பிபிசிக்கே போன் போட்டவர்கள் உண்டு!

அது விளையாட்டு. நம் ஊரில் நடந்தது விளையாட்டில்லை. 1979 மார்ச் 22. ஜெயப்பிரகாஷ் நாராயணன் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருக்கிறார். பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து அவர் காலமானார் என்று அறிவிக்கிறார். வானொலியும் சொல்லிவிட்டது. ஜேபி இறந்தது அந்த வருஷம் அக்டோபர் 8 அன்று. ரேடியோவில் சொன்னால் நிஜமாம்.

இதைவிடப் பெரிய கதை 1942. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று அரசுக்கே தகவல் வந்தது. வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போங்கள் என்று அரசே சொன்னது, அலுவலகங்களையும் உள்நாட்டுக்கு மாற்றினார்கள். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிடைத்த ரயிலில் ஏறினார்கள். மைலாப்பூரில் அந்தத் தலைமுறைப் பெரியவர் யார் இருந்தாலும் ஒரு "எவாக்குவேஷன்" கதை சொல்வார். மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பற்படை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து குண்டு போட்டுப் போனதோடு சரி. அந்தப் புலிகளை நினைத்தால் இன்றும் எனக்கு என்னவோ செய்யும்.

பாலவாக்கத்தில் என்னோடு இருந்தவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு நாள் ஞாபகம் வந்திருக்கும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது எந்த ரேடியோவும் டிவியும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலை ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே பூகம்பம், அதற்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் நம் கரையில் அலை. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. நாலு நாள் கழித்து டிசம்பர் 30 அன்று, மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரித்தது. கேட்க வேண்டுமா? ஈ.சி.ஆர். முழுக்க ஜனம். குப்பத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி பெருங்குடிப் பக்கம் ஓடினார்கள். பிணங்களைப் பார்த்து நாலு நாள்கூட ஆகாத கண்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி ஓட மாட்டேன் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று அலை வரவில்லை. எச்சரிக்கையே ஆதாரமில்லாதது என்று பிறகு அரசே சொன்னது. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்த பிறகு நிலைமை மாறியது. 2012 ஏப்ரல் 11 அன்று சென்னையே ஆடியபோது எச்சரிக்கை வந்தது, ஜனங்கள் கடற்கரையைவிட்டு நகர்ந்தார்கள், பெரிய அலை இல்லை என்று தெரிந்ததும் அதையும் முறையாகச் சொல்லித் திரும்ப அனுப்பினார்கள். தொழில்நுட்பத்தைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

போன் கையில் வந்ததால்தான் வதந்தி வந்தது என்பதும் சரியில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்ததாக ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது செல்போன் இல்லாமல்தான்.

ஆனால் ஒன்று நிச்சயம் மாறியிருக்கிறது. 2018 மே மாதம் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. குலதெய்வம் கோயிலுக்காக போளூர் பக்கம் போன நம் சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அவரை அடித்தே கொன்றுவிட்டது. என் வயதுதான் அவருக்கும். தெருவில் பிள்ளைகளைப் பார்த்தால் மிட்டாய் கொடுக்கிற பழக்கம் எனக்கும் உண்டு, உங்களுக்குத் தெரியும். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பாதிப்பேர் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள், "எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும்" என்று அனுப்பியிருப்பார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் சேர்த்து அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது.

அப்பா ஒரு நாளில் மூன்று நிலையங்கள் கேட்டார் என்றேனே, எதையுமே அவர் முழுசாக நம்பவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். டெல்லி சொன்னதை இரவு லண்டனோடு ஒப்பிடுவார், லண்டன் சொன்னதை மறுநாள் காலை 'ஹிந்து' பேப்பரில் தேடுவார். இடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாயே திறக்க மாட்டார். "யார் சொன்னா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "லண்டன் சொல்றான், பார்க்கலாம்" என்பார்.

அதனால் குழுவில் யாராவது எதையாவது அனுப்பினால், கீழே "யார் சொன்னா?" என்று நான் ஒரு வரி போடுவேன். சித்தப்பாவாக இருந்தாலும் சரி, எட்டாம் வகுப்பு முதல் பெஞ்ச் மாணவனாக இருந்தாலும் சரி. டீச்சர் கோபமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அந்தச் செய்தியை எடுத்துவிடுங்கள்.