கம்பியாள் ஆக இரண்டு வாசல்

இன்னிக்கு வள்ளியூர்ல இருந்து ஆரம்பிக்கலாம். அங்கிருந்து நாகர்கோவில் ரோட்டுல தெற்கே போனா, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் காற்றாலைதான். தென்கிழக்கே கூடங்குளம். அங்க முதல் அணு உலை கிரிட்டோட இணைஞ்சது 2013-ல. வடமேற்கே பாபநாசம். அங்க 1944-லேயே தாமிரபரணித் தண்ணில மின்சாரம் எடுத்தாச்சு. சுத்தி எல்லாப் பக்கமும் கரண்ட் தயாராகுது. அதை வீட்டுச் சுவருக்குள்ள கொண்டு வர்ற எலெக்ட்ரீஷியன் அந்தத் தொழிலை எங்க கத்துக்கிட்டார்? இதுதான் இன்னிக்குக் கேள்வி.

ஐடிஐ-ன்னு உடனே சொல்வீங்க. அந்த ஐடிஐ-யோட வேர் ஒரு போர்ல இருக்கு. இரண்டாம் உலகப்போர் நேரத்துல பிரிட்டிஷ் அரசுக்கு வண்டியும் ஆயுதமும் பழுது பார்க்க ஆள் தேவைப்பட்டுச்சு. அதனால 1940-ல போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் வந்தது. பள்ளிக்கூடம், காலேஜ் பட்டறைல எல்லாம் இளைஞர்களுக்கு அவசர அவசரமா வேலை கத்துக்கொடுத்தாங்க. போர் முடியுற நேரம் நிலைமை தலைகீழ். ராணுவத்துல இருந்து திரும்பி வந்தவங்களுக்கு வேலை வேணும். அவங்க மறுவாழ்வுக்காக 1945 ஜூலையில ஒரு தனி இயக்குநரகம் அமைச்சாங்க. பிரிவினைக்கு அப்புறம் பாகிஸ்தான்ல இருந்து வந்த அகதிகளும் அதன் பொறுப்புல வந்தாங்க. 1950-ல அதுவே எல்லாருக்குமான கைவினைஞர் பயிற்சித் திட்டமா மாறிச்சு. 1956-ல ஐடிஐ நிர்வாகம் மாநிலங்கள் கைக்கு வந்தது. திருநெல்வேலி பேட்டையில இருக்குற அரசு ஐடிஐ இந்த வரிசைல வந்ததுதான். எலெக்ட்ரீஷியன் பிரிவு அங்க ரெண்டு வருஷம்.

அதே 1956-ல இந்திய மின்சார விதிகள் வந்தது. அதுல 45-ஆவது விதியை நான் ரெண்டு தடவை படிச்சேன். லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர், தகுதிச் சான்று உள்ள மேற்பார்வையாளர், அனுமதிச் சீட்டு உள்ள தொழிலாளி, இந்த மூணும் இல்லாம வயரிங் வேலை செய்யக்கூடாது. பல்பு, ஃபேன், ஃபியூஸ் மாத்துற மாதிரி சின்ன வேலைகளுக்கு மட்டும் விலக்கு. 2010-ல புது ஒழுங்குமுறை வந்தப்பவும் இந்தச் சாரம் மாறல.

சரி, ஐடிஐ வாசலையே மிதிக்காதவங்க? பத்தாவதோட நின்னு, தெரிஞ்ச அண்ணன் கூட ஹெல்பரா போய், காடி வெட்டி, பைப் பதிச்சு, வயர் இழுத்துப் பழகினவங்கதான் நம்ம வீடுகள்ல பாதிக்கு மேல வயரிங் பண்ணியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு சர்க்யூட் வரையத் தெரியும். ஒரு ஜாயிண்ட் போட்டு டேப் சுத்துன்னு எந்த வாத்தியாரும் சொன்னதில்ல.

அவங்களுக்காக தமிழ்நாட்டுல இன்னொரு வாசல் இருக்கு: மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. அறிவிப்புல கேக்குறது மின் வயரிங்ல குறைஞ்சது 5 வருஷ செய்முறை அனுபவம், 21 வயசு. கைப்பழக்கத்துக்குக் கணக்கு வெச்சு சான்று தர்ற திட்டம் நம்ம ஊர்ல ரொம்ப அபூர்வம். அதனால எனக்கு இது பிடிக்கும்.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 21-ல அஞ்சு போனா 16. விதியோ சீட்டு உள்ளவர்தான் வேலை செய்யணும்னு சொல்லுது. தேர்வோ சீட்டு வாங்க அஞ்சு வருஷம் வேலை செஞ்சிருக்கணும்னு சொல்லுது. அந்த அஞ்சு வருஷம் அந்தப் பையன் யாரு? 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு கம்பெனில பதிவானா, அவனுக்கு ஒப்பந்தமும் உதவித்தொகையும் உண்டு. வேலையில அடிபட்டா இழப்பீடும் உண்டு. அண்ணன் பைக் பின்னாடி டூல்ஸ் பையோட உக்காந்து போறவனுக்கு அன்னன்னிக்குக் கூலி மட்டும்தான். ஷாக் அடிச்சு ஏணில இருந்து விழுந்தா, அவன் அங்க வேலை பார்த்தான்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது.

உங்க வீட்டுக்கு வர்ற எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட இந்தத் தேர்வு எழுதிட்டாரான்னு கேளுங்க. இல்லைன்னா பக்கத்து அரசு ஐடிஐ-ல விசாரிக்கச் சொல்லுங்க. கூட வர்ற தம்பிக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னும் கேளுங்க.