மலைமேல் ஒரு ‘ஒர்க்ஷாப்’

கோவை வட்டாரத்தில் ‘ஒர்க்ஷாப்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்பார் இலர். பம்பும் மோட்டாரும் பழுதுபார்க்கும் இடம் அது. படிப்பில் நாட்டம் குன்றிய மாணவர் சிலரை நானே அங்குச் சேர்த்துவிட்டதுண்டு. அவர்களுள் இன்று முதலாளிகளாய் விளங்குவோரும் உளர். அதே சொல் சத்தியமங்கலம், பர்கூர் மலைகளில் வாழும் சோளகருக்கு வேறு பொருள் தரும். மாதேசுவரன் மலையில் அதிரடிப்படையினர் விசாரணை நடத்திய முகாமுக்கு வழங்கிய பெயர் அது.

1993 ஏப்ரல் 9-ஆம் நாள் பாலாறு அருகே வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடிக்கு 22 பேர் இரையாயினர். அவனைப் பிடிக்கத் தமிழகமும் கருநாடகமும் கூட்டாகப் படை அனுப்பின. அரசு வாளாவிருந்திருக்க வேண்டுமென்று எவரும் கூறார், நானும் கூறேன். ஆனால், அவன் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள், அவனுக்கு அரிசி கொடுத்ததாக ஐயுறப்பட்ட எளிய மக்கள்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்துக என்கிறது நமது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. நாட்கணக்கில் அடைத்து வைத்து அடித்ததாகவும் மின்சாரம் பாய்ச்சியதாகவும் மலைமக்கள் சொன்ன சாட்சியமோ, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன்தான் பதிவாயிற்று. தடாச் சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் கிடந்தோர் 100-க்கும் மேற்பட்டோர். 2001-இல் தீர்ப்பு வந்தபோது அவர்களுள் பெரும்பாலோர் குற்றமற்றவர் என விடுதலையாயினர். இடையில் கழிந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

இத்தகைய முகாம் ஒன்றை மூடுவது என்றால் என்ன? வங்காளத்து ஹிஜ்லியைப் பாருங்கள். பயங்கரவாதிகள் என ஐயுற்ற இளைஞர்களை வெள்ளையர் அரசு 1930-இல் அங்கே அடைத்தது. 1931 செப்டம்பர் 16-இல் காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர். தாகூரே வெகுண்டு கண்டித்தார். 1942-இல் அம்முகாம் மூடப்பட்டது. 1951-இல் அதே கட்டடத்தில் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் வகுப்புகள் தொடங்கின. அமெரிக்க அதிபர் ஒபாமா, குவாண்டனாமோ முகாமை ஓராண்டில் மூடுமாறு 2009-இல் ஆணையிட்டார். 2017-இல் அவர் பதவிக்காலம் முடிந்தபோதும் அது மூடப்படவில்லை. எனினும், ஆணை என்று ஒன்றாவது இருந்தது.

சட்டத்தின் பேரால் திறந்ததைச் சட்டத்தின் பேரால் மூடலாம். ஏட்டில் திறக்கப்படாததை எவ்வாறு மூடுவது? ஒரு தொடக்கப் பள்ளியை மூடினாலும் அதன் சேர்க்கைப் பதிவேட்டை ஒப்படைத்தே ஆகவேண்டும். யார் வந்தார், என்று வந்தார், எப்போது போனார் என்பது அதில் இருக்கும். மலைமேல் அடைக்கப்பட்டோருக்கும் அந்த அளவு மதிப்பேனும் வேண்டுமன்றோ? படை திரும்பிப் போவது மட்டும் மூடுதல் ஆகாது என்பது என் கருத்து.

வீரப்பன் 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டான். அடுத்த சில நாட்களிலேயே தமிழக அரசு, அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாயும் வீட்டு மனையும் பதவி உயர்வும் அறிவித்தது. மலைமக்களுக்கு 2007 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கப் பரிந்துரைத்தது. வகுத்துப் பார்த்தேன்; தலைக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது.