சர்ப்பகந்தியின் சரித்திரம்

தில்லி கரோல்பாக்கில் வாழும் தமிழன்பர்கள் திப்பியா கல்லூரியை அறிவார்கள். ஹக்கீம் அஜ்மல்கான் நிறுவிய அக்கல்லூரியை 1921-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்துவைத்தார். ஆயுர்வேதத்தையும் யூனானியையும் ஒருங்கே பயிற்றுவித்த அவ்விடத்திற்கும், இரத்தக் கொதிப்பு நோயின் சிகிச்சை வரலாற்றிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை உண்டாக்கியது ஒரு செடியின் வேர்.

சர்ப்பகந்தி என்பது அதன் பெயர். சிவன் அமல்பொடி என்று தமிழில் வழங்குவோரும் உளர். இமயத்தின் அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நிழலடர்ந்த காடுகளில் வளரும் சிறு செடி இது. பீகாரில் இதனைப் பைத்தியத்துக்கு மருந்து என்றே மக்கள் அழைத்தனர். தாவர நூலார் இதற்கு ரவுல்பியா சர்ப்பெண்டினா என்று பெயரிட்டுள்ளனர். ரவுல்ப் என்பவர் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய வைத்தியர். அவர் நம் நாட்டுக்கு வந்தவரே அல்லர்!

1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படும் என்று எழுதினர். அதே ஆண்டில் திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகியும் ரபத் உசேன் சித்திகியும் வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு, மறைந்த ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் சூட்டினர்.

எனினும் உலகம் செவிசாய்க்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பலனை 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரிசர்ப்பின் என்னும் முதன்மைச் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. வக்கீலுக்கு 1957-இல் அமெரிக்காவின் லஸ்கர் பரிசு கிடைத்தது.

இத்துடன் கதையை முடித்தால் பெருமிதம் மிஞ்சும். ஆயின் உண்மை குறைந்துவிடும். ரிசர்ப்பினை உட்கொண்டோரில் சிலரிடம் கடும் மனச்சோர்வு தோன்றியதாகப் பின்னாளில் மருத்துவர்கள் அறிவித்தனர். அளவைக் குறைத்துத் தர வேண்டியதாயிற்று. வேறு மருந்துகள் வந்தபின் அதன் வழக்கமும் அருகியது. வேரை அகழ்ந்தால் செடி மாளும். ஆதலால் காடுகளிலும் சர்ப்பகந்தி குறைந்தது. 1990 முதல் இதன் பன்னாட்டு வாணிபம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது.

"மூலிகைதானே, தீங்கு என்ன?" என்று கேட்போருக்கு இச்சரித்திரமே விடை. ஒரு வேரில் உள்ள சத்து மற்றொரு வேரில் அதே அளவு இராது. அதனைக் கண்ணால் கண்டு அறியவும் இயலாது. முன்னோர் இவ்வேரின் ஆற்றலை அறிந்தனர். அதனை அளந்து அறிய தில்லியும் கல்கத்தாவும் பம்பாயும் உழைத்தன. ஊர்விட்டு வந்து வாழும் நாம், சந்தையில் பொட்டலமாக விற்கும் வேர்த்தூளை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது அவ்வுழைப்பை மதிப்பதாகாது.