ஒரு கூரையும் பல அடுப்புகளும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளைக் காண வருகிறவர்கள், முகப்பிலுள்ள சுதைச் சிற்பங்களையும் பர்மாத் தேக்கில் கடைந்தெடுத்த தூண்களையும் பார்த்து வியந்து, இவையெல்லாம் செல்வத்தின் ஆடம்பரம் என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். செல்வம் இருந்தது மெய்யே. ஆயினும் முகப்பைக் கடந்து உள்ளே சென்று, வளவு என்னும் முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளையும் அதற்கப்பால் இரண்டாங்கட்டில் தனித்தனியே புகைந்த அடுப்புகளின் கரியையும் நின்று நோக்கினால், முதுமையடைந்த தாய் தந்தையர் பிள்ளைகளோடு கூடியும் இருக்கலாம், அவர்கள் கையை எதிர்பாராமலும் இருக்கலாம் என்னும் அரியதோர் ஏற்பாடு அங்கே கல்லிலும் சுண்ணாம்பிலும் உருப்பெற்றிருந்தது புலப்படும்.

நகரத்தார் சமூகத்தில் மகனுக்கு விவாகம் ஆனதும் அவனையும் அவன் மனைவியையும் ‘வேறு வைப்பது’ சம்பிரதாயம். வேறு வைப்பதென்றால் வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதன்று. வளவைச் சூழ்ந்த அறைகளுள் ஒன்று அவர்களுக்கு உரியதாகும். பண்ட பாத்திரங்கள் கொடுக்கப்படும். தனி அடுப்பு மூட்டப்படும். அன்று முதல் அவர்கள் ஒரு தனிப் ‘புள்ளி’, அதாவது தனிக் குடும்பம். கோயில் வரியும் அந்தப் புள்ளிக் கணக்கின்படியே விதிக்கப்பட்டது. இவ்வாறு ஒவ்வொரு மகனாக வேறு வைக்கப்பட்டபின் பெற்றோரும் தம்முடைய அடுப்போடு அதே கூரையின்கீழ் தனித்து நின்றார்கள். கணவனை இழந்த தாயும், மகன் வீட்டிலேயே வசித்தபோதிலும், தனக்குத் தானே உலை வைத்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. வெளியார்க்கு இது பாசமற்ற செயலாகத் தோன்றியிருக்கலாம். என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது: ஒரு பிடி அரிசிக்கு மருமகளின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாத அப்பத்தாவுக்கு அந்த வீட்டில் இருந்த கௌரவம், கூட்டுக் குடும்பத்தின் பெருமையை ஓயாமல் பேசும் பல இல்லங்களில் முதியவர்களுக்குக் கிட்டியதில்லை.

இனி வீட்டின் அமைப்பைப் பார்ப்போம். கிழக்கு மேற்காக நீண்டு, ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக அமைந்த இவ்வீடுகளில், வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் வைக்கப்பட்டிருந்தமையால் காற்று தடையின்றி உள்ளே புகுந்து வெளியேறியது. முகப்புத் திண்ணையும் அதையடுத்த பட்டாலை என்னும் கூடமும் ஆடவர்க்கு உரியவை. தொழிலிலிருந்து ஓய்ந்த ஐயாக்கள் அங்கே அமர்ந்து, கணக்குப் பார்த்தும் வருவோரோடு பேசியும் பொழுதைப் போக்கினார்கள். வானம் பார்த்த வளவு பெண்டிருக்கு உரியது. நெல் காய்வதும் வற்றல் உலர்வதும் அங்கேதான். வயதானவர்கள் தூணில் சாய்ந்தபடியே வீட்டில் நடப்பதனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய இடமும் அதுவே. நாட்டு ஓடுகளைப் பல அடுக்காக வேய்ந்த கூரையின் நான்கு சரிவுகளிலிருந்தும் மழைநீர் அந்த வளவில் வந்து விழும். அண்டாக்களில் பிடித்தது போக மிஞ்சியது வடிகால் வழியே வெளியேறி ஊருணியைச் சேரும். வற்றாத ஆறு இல்லாத, மழையை நம்பிய அந்தச் செம்பாறைச் சீமையில் நீரை வீணாக்குவது அறியாமையென்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சுவர்ப்பூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுண்ணாம்பைப் பல நாள் நீரில் ஊறவைத்து, நைய அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து, மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவையும் கலந்து, பூச்சின்மேல் பூச்சாக இட்டுக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பளிங்கைப்போல் வழவழக்கும் அச்சுவர் தலைமுறைகள் கடந்தும் வெள்ளையடிப்பை வேண்டாமல் நின்றது. நீர் தொட்டுத் துடைத்தால் போதும். சித்திரை வெயிலிலும் அதில் முதுகைச் சாய்த்தால் குளிர்ச்சி தெரியும். தரைக்கெனப் பிற்காலத்தில் வந்த ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படாதது: கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி எடுப்பார்கள்.

குறைகளையும் மறைப்பது தர்மமாகாது. வாசலுக்கு வாசல் உயர்ந்து நின்ற நிலைப்படிகள் தளர்ந்த கால்களுக்கு இடையூறாயின. கழிப்பிடம் பின்கட்டுக்கு அப்பால் இருந்தமையால் இரவில் எழுந்து செல்லும் முதியவர்கள் பட்ட துன்பம் சொல்லத் தரமன்று. மேலும் தேக்கு கடல் கடந்து வந்தது. அந்தத் தூண்களுக்காகப் பர்மாவின் காடுகளில் மரங்கள் வெட்டப்பட்டன என்பதை நினைவில் கொள்ளாமல் இவ்வீடுகளைப் புகழ்வது முறையன்று.

அந்தப் பர்மாவே இவ்வீடுகளின் விதியையும் நிர்ணயித்தது. ஆடவர்கள் மூன்றாண்டுக் கணக்கில் இரங்கூனுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழில் நடத்தச் சென்ற காலமெல்லாம், ஆச்சிகளும் முதியவர்களுமே பெட்டகச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்தினார்கள். 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் நேர்ந்த பொருளாதார மந்தம் வட்டித் தொழிலின் அடித்தளத்தை அசைத்தது; 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள்; 1960-களில் பர்மா அரசாங்கம் சொத்துக்களை நாட்டுடைமையாக்கி இந்தியர்களை வெளியேற்றியதோடு அந்தத் தொடர்பு அறுந்தது. இளையவர்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போயினர். பத்துப் பன்னிரண்டு அடுப்புகள் எரிந்த வீடுகளில் ஒன்றிரண்டே எரிந்தன.

பராமரிக்க இயலாத பங்காளிகள் சிலர் வீட்டைப் பிரித்து விற்றார்கள். அத்தூண்களும் கதவுகளும் இன்று காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. விற்காதவர்கள் கலியாணம், முன்னோர்க்குப் படைப்பு என்றால் கூடிவருகிறார்கள். அப்பொழுது பூட்டியிருந்த அறைகளெல்லாம் திறக்கப்பட்டு, வளவு நிறையப் பந்தி நடக்கிறது. அவர்கள் புறப்பட்டுப் போனபின், காவலுக்கும் விளக்கேற்றுவதற்குமென்று தங்கிவிட்ட முதியவர்கள், அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, இரண்டாங்கட்டில் தமக்கென்று இருக்கும் அடுப்பை மூட்டுகிறார்கள்.