இரவல் எஞ்சினும் பாஸ்மாரும்

1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் 948 சிசி எஞ்சின் சாதாரண மொரிஸ் மைனரிலும் இருந்ததுதான். பிறக்கும்போதே இரவல் எஞ்சின்! அப்புறம், பழைய காருக்கு ஜப்பான் எஞ்சின் போட்டால் மட்டும் "ஒரிஜினல் போச்சு" என்று ஏன் முகம் சுளிக்கிறோம்?

1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு. பார்ட்ஸ் கிடைப்பதே கஷ்டம். பொருளாதாரம் திறந்தபின் ஜப்பான் வாகனங்களும் எஞ்சின்களும் பெருகின. பழைய மொரிஸ் மைனர்கள் பலவற்றுக்கு அவைதான் மறுபிறவி. மவுண்டை வெட்டி ஒட்டணும், கியர்பாக்ஸைப் பொருத்தணும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை அளவாக்கணும். வேகம் கூடினால் பதுளை, பண்டாரவளை இறக்கங்களுக்குப் பழைய ட்ரம் பிரேக் காணாது; அதையும் மாற்றணும்.

இது கராஜ் பாஸ்மாரின் கைவேலை. தோட்டத்துக் கார் என்றால் துரையின் பெயரைத்தான் கேட்கிறோம். அதை ஓடவைத்தவர் பெயரையும் கேட்டு எழுதாதவரை, நம் ஊவா வரலாறு பாதிதான்.