ஆந்தையைப் பையில் தைத்துக்கொண்டவர்கள்



வகுப்பில் யாராவது திருதிருவென விழித்தால் "ஆந்தை மாதிரி முழிக்கிறான்" என்று சிரிப்போம். கூரையில் ஆந்தை அலறினால் சாவு விழும் என்று பாட்டிமார் பயந்தார்கள். இந்தப் பழி நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்திலும் அதன் குரல் சாவுக்குறிதான். ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நாடகத்தில் அரசன் கொலையாகும் இரவில் ஆந்தை அலறுகிறது. இடி, தீவினை அண்டாமல் இருக்க ஆந்தையைக் கொன்று களஞ்சியக் கதவில் ஆணியடித்து வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே இருந்தது.

ஏதென்ஸ் நகரத்தார் வேறு மாதிரி. அவர்களுக்கு ஆந்தை அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளிக் காசில் அதைப் பொறித்தார்கள். இன்றைய கிரேக்க 1 யூரோ நாணயத்திலும் அதே ஆந்தைதான்.

கதவில் ஆணியடித்த அதே இங்கிலாந்தில், 1970களில் இளைஞர்கள் ஆந்தைப் படத்தைத் துணிச் சின்னமாகத் தைத்துச் சட்டையிலும் பையிலும் ஒட்டிக்கொண்டார்கள். 'நார்தர்ன் சோல்' என்ற நடன இசைக் கூட்டம் அது. 1970இல் அந்தப் பெயரைப் பரப்பியவர் டேவ் காடின் என்ற இசை எழுத்தாளர். வடக்கு இங்கிலாந்தின் ஆலை, சுரங்க ஊர்களின் பிள்ளைகள் வாரம் முழுக்க உழைத்துவிட்டு, சனி இரவு விடிய விடிய ஆடுவார்கள். விகன் நகரின் 'கேசினோ' அரங்கில் 1973 செப்டம்பரில் இது தொடங்கியது. நள்ளிரவு தாண்டித் திறந்து காலை 8 மணிக்கு முடியும். மது விற்பனை கிடையாது. கால் வழுக்கிச் சுழலத் தரையில் முகப்பவுடர் தூவுவார்கள். தூங்காமலிருக்க மாத்திரை போட்டவர்களும் உண்டு. அதனால் காவல்துறைக்கும் வேலை இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

இரவெல்லாம் விழித்திருப்பவரை ஆங்கிலத்தில் 'இராந்தை' என்றே சொல்வார்கள். எனவே ஆந்தை அவர்களுக்குப் பொருத்தமான சின்னம். இன்னொரு சின்னம், அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்திலிருந்து வந்த மடக்கிய முட்டி.

அவர்கள் ஆடிய பாட்டுகளில் பெரும்பாலானவை, 1960களில் கறுப்பினக் கலைஞர்கள் பாடி, சொந்த நாட்டிலேயே விற்காமல் கிடங்கில் கிடந்தவை. ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஓர் இசைத்தட்டு வெளியாகாமலே அழிக்கப்பட்டது. தப்பியவை சில பிரதிகளே. அதில் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது. ஊரே ஒதுக்கிய பறவையைச் சின்னமாக்கியவர்கள், சந்தை ஒதுக்கிய பாட்டையும் காப்பாற்றினார்கள்.

விகன் அரங்கு 1981 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த நடனம் இன்னும் நடக்கிறது; அன்று ஆடியவர்கள் என் வயதுக்காரர்கள்.

ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் தீபாவளியையொட்டி மாந்திரீகத்துக்கென்று ஆந்தைகளைப் பிடித்துக் கொல்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வயலில் எலியைப் பிடித்து உழவனுக்கு உதவும் பறவை அது. உங்கள் பிள்ளைகளிடம் சாவுக்குறி என்ற கதையைச் சொல்லும்போது, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.