விக்டோரியா காலத்து மொரிசியஸ் முத்திரைகள்

இந்து சமுத்திரத்தில் மடகஸ்காருக்குக் கிழக்கே கிடக்கும் சிறு தீவு மொரிசியஸ். 1810இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய இத்தீவு, 1847 செப்டெம்பர் 21ஆந் திகதி தன் முதல் தபால் முத்திரைகளை வெளியிட்டது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுள் அரசாங்க முத்திரை வெளியிட்ட முதல் நாடு அதுவே. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரில் முதலாந் திகதியே வந்தது.

இலங்கையின் முத்திரை இலண்டனில் அச்சாயிற்று. மொரிசியஸ் இலண்டனுக்காகக் காத்திருக்கவில்லை. தலைநகர் போர்ட் லூயிசில் வாழ்ந்த ஜோசப் பார்னார்ட் என்ற செதுக்குவேலைக்காரர், ஒரே செப்புத் தகட்டில் மகாராணியின் தலையை இருமுறை செதுக்கினார். ஒரு பென்னி முத்திரை செம்மஞ்சள். இரண்டு பென்ஸ் நீலம். ஒவ்வொன்றாகக் கையால் அச்சிட்டதில் வகைக்கு 500 மாத்திரமே கிடைத்தன.

அவற்றுட் சில ஒரு பெண்மணியின் மேசைக்குச் சென்றன. ஆளுநர் சேர் வில்லியம் கொம் அவர்களின் மனைவி, அம்மாத இறுதியில் நடந்த நடன விருந்துக்கான அழைப்பிதழ்களின் உறைகளில் ஒரு பென்னி முத்திரைகளை ஒட்டி அனுப்பினார். விருந்து முடிந்ததும் பெரும்பாலான உறைகள் குப்பைக்குப் போயின.

1848இல் புதிய தகடுகள் வந்தன. ஒவ்வொரு தகட்டிலும் பன்னிரண்டு முத்திரைகள். தனித்தனியே செதுக்கப்பட்டதால் மகாராணியின் முகம் பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். இரண்டு பென்ஸ் தகட்டில் ஏழாவது முத்திரையில் 'பென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் 'சி' எழுத்து 'ஓ' போலாகிவிட்டது. பத்தாண்டுக்கு மேல் அதே தகடுகளில் அச்சிட்டதால் செப்புத் தேய்ந்து, முகம் வெறும் நிழலாயிற்று. 1860இல் இலண்டன் டி லா ரூ நிறுவனத்தின் சீரான முத்திரைகள் வந்தபின் உள்ளூர்க் கைவண்ணம் மறைந்தது. 1878இல் பென்சுக்குப் பதிலாக ரூபாய், சதக் கணக்கு முத்திரைகளில் ஏறியது. ஆட்சியின் அந்திமத்தில், 1899இல், பழைய பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனேயின் உருவமே 15 சத முத்திரையில் இடம்பெற்றது.

முதல் முத்திரைகளை உலகம் மறந்திருந்தது. 1860களில் பிரான்சின் போர்தோ நகரில் போர்ஷார் என்ற வணிகரின் மனைவி, கணவரின் பழைய கடிதக்கட்டுகளைப் புரட்டியபோது அவற்றுட் பல வெளிவந்தன. இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1993இல் மொரிசியஸ் வங்கிகளும் நிறுவனங்களும் சேர்ந்து இரண்டை விலைக்கு வாங்கித் தாயகம் கொண்டுவந்தன. போர்ட் லூயிசின் புளூ பென்னி அரும்பொருட்சாலையில் அவை உள்ளன. நிறம் மங்காதிருக்க, குறித்த சிறு நேரங்களில் மாத்திரமே அவற்றின்மேல் வெளிச்சம் விழும்.

அதே 1840களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். எஞ்சிய உறைகளில் அவர்கள் பெயர் எதுவுமில்லை. வணிகர் கடிதங்களைக் கட்டிவைக்க அலுமாரி இருந்தது. கூலிகளின் லயங்களில் அது இல்லை. எனவே வரலாறு ஒரு பக்கத்தையே நமக்குக் காட்டுகிறது.

நூறு ஆண்டு காணும் நம் சங்கத்தின் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மம்மாவின் பெட்டியிலுள்ள பழைய கடிதங்களை எறியுமுன் உறையோடு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முத்திரையைக் கிழித்தெடுக்க வேண்டாம். திகதியும் முகவரியும் கையெழுத்தும் சேர்ந்திருந்தாற்றான் அது சரித்திரம்.